மச்சான் விழுந்த கூரை

சொட்டை மாஸ்டருக்கு அந்தப் பெயர் இரண்டு வகையில் பொருந்தும். அடிபட்ட கார்களின் சொட்டையைத் தட்டி எடுப்பது அவர் தொழில். அவர் தலையும் சொட்டை. "ஊர்ச் சொட்டையெல்லாம் எடுக்கிறீங்க, உங்க சொட்டைக்கு ஒரு வழி பண்ணக்கூடாதா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. ஒவ்வொருவரும் அதைத் தான்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி கேட்பார்கள். மாஸ்டரும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரித்துவைப்பார்.

பட்டறையின் முன்பாதி அவருடையது. பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் இருக்கும் பாதி அவர் மனைவியுடையது. இவர் தட்டி நிமிர்த்துவார், அந்த அம்மாள் பெயிண்ட் அடிப்பார். அடிப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டைத் தடவிப் பார்ப்பார். கையில் ஏதாவது நெருடினால் "இன்னும் இருக்கு" என்று ஒரு வார்த்தைதான். வண்டி திரும்ப முன்பாதிக்கு வந்துவிடும். இப்படியே முப்பது வருஷம். ஒரு சொட்டைகூட அந்த வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை என்பதில் மாஸ்டருக்கு உள்ளுக்குள் கர்வம் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலையில் இழுவை லாரி ஒன்று வெளிர் நீலக் கார் ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. அறுபது வயதான வண்டி. அதைச் செய்த தொழிற்சாலை மூடியே நாற்பது வருஷம் ஆகிவிட்டது. விளக்கு, கண்ணாடி, கைப்பிடி எல்லாம் நேற்று வாங்கியதுபோல மின்னின. கூரை மட்டும் நடுவில் உள்ளே போயிருந்தது. மரக்கிளை விழுந்தால் கோடாக அமுங்கும், கல் விழுந்தால் குழியாக அமுங்கும். இது அப்படி எதுவும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டம், நடுவில் ஒரு மேடு. மாஸ்டர் வண்டியை மூன்று முறை சுற்றிவந்தார். பிடிபடவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த மனைவி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "யாரோ உட்கார்ந்திருக்காங்க."

"உட்காரலை, விழுந்தாரு," என்றார் லாரியிலேயே கூட வந்து இறங்கியிருந்த வண்டிக்காரர். அவர் ஒரு பல் டாக்டர். "எங்க வீட்டம்மாவோட அண்ணன்."

டாக்டரின் வீடு மாடிவீடு. கீழே அவரும் மனைவியும், வாசல் பக்கம் பல் ஆஸ்பத்திரி. மாடியில் மச்சான், ஓய்வு பெற்ற சர்வேயர். டாக்டருக்கும் மச்சானுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்னால் சர்வேயர் மாடி ஜன்னலின் வெளிப்புறக் கண்ணாடியைத் துடைக்க எட்டியவர், கொஞ்சம் அதிகமாக எட்டிவிட்டார். தொண்ணூற்றாறு கிலோ. நேராக வந்து கார்க் கூரையில் உட்கார்ந்த நிலையிலேயே இறங்கினார். சத்தம் கேட்டு டாக்டர் ஓடிவந்து பார்த்தால், மச்சான் மேலே சிம்மாசனத்தில் இருப்பதுபோல இருக்கிறார். ஒரு கீறல் இல்லை.

"என்னைப் பார்த்து, 'இங்கயா வண்டியை நிறுத்துறது?'ன்னு கேட்டாரு மாஸ்டர். பதினோரு வருஷம் கழிச்சு அவரா வாயைத் திறந்திருக்காரு. பதில் சொல்லலாமா வேணாமான்னு நான் யோசிக்கிறதுக்குள்ள இறங்கிப் போயிட்டாரு."

மாஸ்டர் காருக்குள் நுழைந்து கூரையை அடியிலிருந்து உள்ளங்கையால் தள்ளினார். டொக்கென்று மேலே போனது. கையை எடுத்தார். டொக்கென்று கீழே வந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அடிபட்டதில் தகடு ஒரேயடியாக இழுபட்டு அகன்றுபோயிருந்தது. துணி தைத்த அளவைவிடப் பெரிதாகிவிட்டால் எங்காவது தொங்கத்தானே செய்யும். சூடு காட்டிச் சுருக்கலாம், ஆனால் இவ்வளவு பெரிய பரப்பில் ஒரு இடம் சுருங்கினால் இன்னொரு இடம் உப்பும்.

"தட்டி எடுக்க முடியாது டாக்டர். கூரையையே மாத்தணும்," என்றார்.

வேறு கூரைக்கு எங்கே போவது? ஒரு வாரம் நாலு திக்கும் விசாரித்ததில், நகரத்துக்கு வெளியே கோழி வளர்க்கும் அம்மாள் ஒருவரிடம் அதே வகைக் கார் ஒன்று இருப்பது தெரியவந்தது. சக்கரம் கிடையாது, இன்ஜின் கிடையாது. உள்ளே பதினாலு கோழிகள். கூரை மட்டும் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது. மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். கோழிக்காரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூரையை நீங்க எடுத்துட்டுப் போயிட்டா என் கோழிங்க மழைக்கு எங்க போகும்?" என்றார்.

"நல்ல தகரமா ஒண்ணு போட்டுத் தர்றேன்மா."

"தகரம் வெயிலுக்குக் கொதிக்கும். அதுங்க காரிலயே வளர்ந்ததுங்க. கார்க் கூரைக்குக் கார்க் கூரைதான்."

"பழைய கூரையை வேணா தர்றேன். ஆனா அது சொட்டை விழுந்தது."

"இருக்கட்டும். கோழி என்ன அண்ணாந்தா பார்க்கப்போகுது?"

மாஸ்டர் வாக்குக் கொடுத்தார். அதுவரைக்கும் ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, ஓரத்தில் இருந்த ஒவ்வொரு வெல்டிங் புள்ளியையும் துளைபோட்டு விடுவித்து, நல்ல கூரையைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் டாக்டரின் காரில் கைவைத்தார். முன் கண்ணாடி, பின் கண்ணாடி இரண்டையும் இறக்கினார். உள்கூரைத் துணியைக் கிழியாமல் உரித்தெடுத்தார். கூரையை எடுத்தால் காரின் உடம்பு பக்கவாட்டில் விரிந்துவிடும் என்பதால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டினார். எல்லாம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால், பட்டறை ஏணி காரின் மேல் சாய்ந்திருந்தது. ஏணியின் அடியில் ஒரு ஜோடி ஷூ ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கூரையின் மேல், அந்த இரண்டு வட்டத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தி, கனத்த மனிதர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

அறிமுகம் தேவைப்படவில்லை. அச்சே சொன்னது.

"சார், இறங்குங்க. கூரையை வெட்டணும்."

"அதைத் தடுக்கத்தான் வந்திருக்கேன்," என்றார் சர்வேயர். தாளை மடித்தார். "எனக்கு இருபத்திரண்டு வருஷமா இடுப்பு வலி, மாஸ்டர். பார்க்காத வைத்தியம் இல்லை. இதுல விழுந்தேன், போயிடுச்சு. வண்டி வீட்டுல இருந்த மூணு வாரமும் தினம் காலையில ஏறி அரைமணி நேரம் உட்கார்ந்தேன். இருபது வயசுப் பையன் மாதிரி படியேறினேன். நீங்க வண்டியை எடுத்துட்டு வந்தீங்க, வலியும் திரும்ப வந்துடுச்சு."

"அதுக்காக..."

"அளந்து பார்த்துட்டேன். இடது பக்கம் பதினொண்ணு புள்ளி நாலு சென்டிமீட்டர் ஆழம். வலது பக்கம் பத்து புள்ளி எட்டு. ஆறு மில்லி கம்மி. என் இடுப்பும் அப்படித்தான், வலது பக்கம் ஆறு மில்லி தூக்கல். கடவுளே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

அன்று அரைமணி நேரம் முடிந்ததும் தானே இறங்கிப் போய்விட்டார். போகும்போது, "நாளைக்கு வருவேன். வந்து பார்க்கிறப்போ இது இல்லாம இருந்தா நல்லா இருக்காது," என்றார். மாஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெட்டினால் வம்பு, வெட்டாவிட்டால் வேலை கெட்டது. டாக்டரிடம் கேட்டுக்கொள்வோம் என்று பாட்டரி தீர்ந்த பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டார். சர்வேயர் சொன்னபடியே அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார்.

நாலாம் நாள் டாக்டரே போன் செய்தார். "கூரை எடுத்தாச்சா மாஸ்டர்?"

"ஆள் இறங்கினா எடுத்துடலாம் டாக்டர்."

"எந்த ஆளு?"

"உங்க மச்சான்."

டாக்டர், "எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க," என்றார்.

"அது அவருக்கே தெரியுமே டாக்டர்."

மத்தியானம் டாக்டர் மனைவியோடு வந்து சேர்ந்தார். செய்தி எட்டியதோ என்னவோ, சர்வேயர் அன்றைக்கு இறங்காமல் காத்திருந்தார். மேலே அண்ணன், கீழே புருஷன், நடுவில் அந்த அம்மாள். பதினோரு வருஷமாக நடுவிலேயே நின்று அவருக்கு அலுத்துப்போயிருந்தது. "அண்ணே, இறங்கு," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் மனைவிக்குப் பக்கத்தில் போய் ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டார். அதனால் தூது வேலை மாஸ்டர் தலையில் விழுந்தது.

"மாஸ்டர், மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க," என்றார் சர்வேயர். "கெட்ட பல்லை விட்டுட்டு நல்ல பல்லைப் பிடுங்கினது பத்தாதா? இப்ப நல்ல கூரையையும் பிடுங்கணுமா?"

மாஸ்டர் டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டர் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். "அது நல்ல பல்லு இல்லைன்னு சொல்லுங்க. ஆடிட்டிருந்த பல்லு."

மாஸ்டர் மேலே பார்த்தார்.

"ஆட்டினது யாருன்னு கேளுங்க."

மாஸ்டருக்குக் கழுத்து வலித்தது. பதினோரு வருஷத்துச் சண்டைக்கு வேர் அந்தப் பல்தான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வலித்த பல் இப்போதும் சர்வேயரின் வாயில்தான் இருக்கிறதாம். அதை எடுக்க வேறு டாக்டரிடம் போனால் குடும்ப மானம் போய்விடும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் மாஸ்டரின் மனைவிதான் வழி சொன்னார். "கூரையை அப்படியே சேதாரமில்லாம வெட்டி எடுத்து அண்ணன்கிட்ட கொடுத்துடுவோம். அவர் வீட்டுல வச்சு உட்கார்ந்துக்கட்டும். வண்டிக்குப் புதுசு போட்டுடுவோம்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். "கோழிக்குச் சொன்ன வாக்கு?" என்று மாஸ்டர் மனைவியின் காதில் கேட்டார். "முதல்ல மனுஷனை இறக்குங்க," என்றார் அவர்.

மாஸ்டர் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே விசித்திரமானது அதுதான். சொட்டையைக் கண்டால் சுத்தியலை எடுக்கிற கை, அன்றைக்குச் சொட்டை கலைந்துவிடக்கூடாது என்று பயந்து பயந்து வேலை செய்தது. புள்ளி புள்ளியாகத் துளைத்து, ஓரங்களை மெல்ல நெம்பி, அவரும் மனைவியும் டாக்டரும் அவர் மனைவியுமாக நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். பிறந்த குழந்தையை வைப்பதுபோலப் பழைய மெத்தை ஒன்றின் மேல் கிடத்தினார்கள். சர்வேயர் டேப்பை எடுத்து அளந்தார். பதினொண்ணு புள்ளி நாலு. பத்து புள்ளி எட்டு. மாஸ்டர் பெருமூச்சு விட்டார். விட்ட பிறகு அவருக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

ஆனால் சர்வேயர் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மெத்தை வேண்டாமென்று நாலு டிரம்மின் மேல் வைத்தார்கள். "ஆடுது." டயர்களின் மேல் வைத்தார்கள். "அமுங்குது." மணல் மூட்டைகளை அடுக்கி அதன்மேல் வைத்தார்கள். "கல்லுல உட்கார்ந்த மாதிரி இருக்கு." மூன்று நாள் இப்படியே போனது. கடைசியில் சர்வேயர் விளக்கினார். "இது தனியா வேலை செய்யாது மாஸ்டர். நாலு மூலையிலயும் தூண் தாங்கணும். நடுவுல அந்தரத்துல நிக்கணும். அடியில வண்டி வேணும்." சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். அவர் போவதைப் பார்க்க மாஸ்டருக்கே பாவமாக இருந்தது.

புதுக் கூரை வேலை மளமளவென்று நடந்தது. கோழி எச்சத்தைச் சுரண்டிக் கழுவி, காரின் மேல் வைத்து, இடைவெளி பார்த்து, இடுக்கி போட்டு இறுக்கினார். ஒரே பக்கமாகப் பற்றவைத்தால் தகடு முறுக்கிக்கொள்ளும். அதனால் இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்புறம் ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்தார், ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் ஒற்றி ஆற்றினார். மனைவி கண்ணை மூடித் தடவினார். அந்தப் பக்கம் தொடங்கி இந்தப் பக்கம் வரை கை நிற்கவே இல்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரையை விலக்கி வண்டியை உள்ளே தள்ளச் சொன்னார். மாஸ்டருக்கு அதைவிடப் பெரிய பரிசு எதுவும் கிடையாது.

வண்டி எடுக்க வந்த டாக்டர் கூரையைப் பார்த்து, "கண்ணுல ஒத்திக்கலாம் மாஸ்டர்," என்றார். சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை. கழுத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு, எதையோ விசாரிக்கிற சாக்கில், "அந்தப் பழசு எங்க இருக்கு?" என்றார்.

"பின்னால கிடக்குது."

கொஞ்ச நேரமாக ஆளைக் காணோமே என்று மாஸ்டர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். மணல் மூட்டைகளின் மேல் கிடந்த பழைய கூரையில் டாக்டர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த வட்டங்கள் பெரிது. இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டிருந்தார்.

மாஸ்டரைக் கண்டதும் எழுந்துகொள்ள முயன்றார், முடியவில்லை. "முப்பது வருஷமா வலது பக்கமாக் குனிஞ்சு குனிஞ்சு அடுத்தவங்க வாயைப் பார்த்ததுல கழுத்து போயிடுச்சு மாஸ்டர்," என்றார். "மச்சான் காலையில உட்காருவாரு. நான் மத்தியானம், வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுக் கண் அசந்த நேரம் பார்த்து ஏறுவேன். அந்த மூணு வாரம் கழுத்து பம்பரமாச் சுத்துச்சு."

"அப்புறம் எதுக்கு டாக்டர் கூரையை மாத்தச் சொன்னீங்க?"

டாக்டர் அவரை வியப்போடு பார்த்தார். "வண்டி அசிங்கமா இருந்துச்சே."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க மனசு வச்சா, புதுக் கூரையில லேசா... அதே அளவுக்கு... தட்டித் தர முடியுமா?"

முப்பது வருஷத்தில் மாஸ்டர் ஒரு வாடிக்கையாளரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "டாக்டர், நான் சொட்டை எடுக்கிறவன். போடுறவன் இல்லை," என்று மட்டும் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அதுல கைவச்சா ரெண்டு பேரையும் சேர்த்துப் பெயிண்ட் அடிச்சிடுவேன்."

அந்த வாரக் கடைசியில் கோழிக்காரம்மா பட்டறைக்கு வந்தார். தார்ப்பாய் கிழிந்துவிட்டது, மழை வரப்போகிறது, வாக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். மாஸ்டர் சர்வேயருக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். "வேலை செய்யாத கூரை எனக்கெதுக்கு, கோழிக்கே கொடுங்க," என்று பதில் வந்தது. மாஸ்டர் பழைய கூரையைச் சின்ன லாரி ஒன்றில் ஏற்றிக் கொண்டுபோனார். கோழிகளை வெளியே விரட்டிவிட்டு அந்தக் காரின் மேல் வைத்துப் பற்றவைத்தார். சொட்டையோடு அவர் முடித்துக்கொடுத்த முதல் வண்டி அது. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேலிக்கு வெளியே வெளிர் நீலக் கார் நின்றது. டாக்டர் ஓட்டிவந்திருந்தார், பின்சீட்டில் சர்வேயர். கூரையை வழியனுப்ப வந்தார்களோ, வேறு என்ன நினைத்து வந்தார்களோ. ஒரே காரில் எப்படி ஏறினார்கள் என்று மாஸ்டர் கேட்கவில்லை. சர்வேயர் இறங்கி வந்து, பற்றவைத்த ஓரங்களைக் கையால் தொட்டுப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கோழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அடியில் ஏறிக்கொண்டன.

"இதே வகை வண்டி," என்றார் சர்வேயர், கண்ணைத் திறக்காமல். "இதே தூண். எனக்கு ஏன் இது முதல்லயே தோணலை?"

கோழிக்காரம்மா மறுப்பொன்றும் சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். ஒருத்தர் மேலே உட்கார்ந்திருக்கும்போது இன்னொருத்தர் முட்டை பொறுக்க வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது என்பதால் டாக்டரின் காரில்தான் வந்தாக வேண்டும். தினம் காலையில் முக்கால் மணி நேரம் போக, முக்கால் மணி நேரம் வர, இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வந்து போனார்கள். ஆளுக்கு அரைமணி நேரம். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பத்தரை மணி வரை வாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வீட்டில் முட்டை தீர்வதே இல்லை என்று டாக்டரின் மனைவி மாஸ்டரின் மனைவிக்குப் போனில் சொன்னார்.

இரண்டு மாதம் போல இப்படி ஓடியது. மழைக்காலம் வந்ததும் கோழிக்காரம்மா மாஸ்டருக்குப் போன் செய்தார். கூரைக் குழியில் தண்ணீர் தேங்குகிறது, கொசு முட்டையிடுகிறது, ஒரு ஓட்டை போட்டுத் தண்ணியை வடித்துவிடுங்கள் என்றார். மாஸ்டர் துளைபோடும் மெஷினை எடுத்துக்கொண்டு போனார். போன நேரம் பார்த்து அவர்கள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஓட்டையா? எங்க?" என்றார் சர்வேயர்.

"எங்க தண்ணி நிக்குதோ அங்க."

"நடுமேட்டுல போடுங்க."

"மேட்டுல போட்டா தண்ணி எப்படி சார் வடியும்?"

"இடது வட்டத்துல ஒண்ணு போதும்," என்றார் டாக்டர். "அதுதான் ஆழம்."

சர்வேயர் சட்டென்று திரும்பினார். "இடது பக்கம்தான் என் முழு பாரமும் இறங்குது மாப்பிள்ளை. அங்க ஓட்டை போட்டா தகடு தளர்ந்துபோகும். வலது பக்கம் போடுங்க."

"வலது பக்கம் போட்டா என் கழுத்து என்ன ஆகுறது? தண்ணி மட்டம் பார்த்துப் பேசுங்க மச்சான். நீங்க சர்வேயர்தானே?"

"மட்டத்தைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லித்தர வேணாம். பல்லு எதுன்னு முதல்ல கத்துக்கிட்டு வாங்க."

"அது ஆடிட்டிருந்த பல்லு, எத்தனை தடவை சொல்றது?"

மாஸ்டர் மெஷினைக் கையில் பிடித்தபடி ஏணியில் பாதியில் நின்றார். ஒருத்தர் முகத்தைப் பார்த்து ஒருத்தர் பேசுகிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் உறைத்தது. சொல்லிவிட்டால் நிறுத்திவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டார். கோழிக்காரம்மா கூடையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். பேச்சு பல்லிலிருந்து ஜன்னலுக்குப் போனது, ஜன்னலிலிருந்து வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனது, பதினோரு வருஷ பாக்கியும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மறுபடி தூற ஆரம்பித்தது. இனி காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று மாஸ்டர் மேலே ஏறி, வட்டத்துக்கு ஒன்றாக இரண்டு துளை போட்டார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கீழே கோழிகள் கொக்கரித்தன.

சத்தம் கேட்டு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சர்வேயர் ஷூவைக் கழற்றி, ஏறி, கைக்குட்டையால் ஈரத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். வலது பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் மாஸ்டர்.

சர்வேயர் யோசித்தார். "கொஞ்சம் காத்து வருது."

"இறங்குங்க மச்சான்," என்றார் டாக்டர், ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "நான் பார்க்கிறேன்."

மாஸ்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.